முதனூலும் வழிப்படமும்: ஓஸ் நாட்டுக் கதைக்கு நேர்ந்த வரவேற்பு

ஒரு நூல் தோன்றிய வரலாற்றை ஆராய்வோர் பலர். அந்நூலை மக்கள் எவ்வாறு ஏற்றனர், ஏன் ஏற்றனர், ஏலாதார் யாது கூறி மறுத்தனர் என்னும் வரலாற்றை ஆராய்வோர் சிலரே. ஆயினும் நூலின் வாழ்வு அதனை ஆக்கியோனிடத்து மட்டும் தங்குவதன்று, கொள்வோனிடத்தும் தங்குவது. நூலுக்குப் பொருந்தும் இவ்வுண்மை, இருபதாம் நூற்றாண்டின் பெருங்கலையாய் வளர்ந்த திரைப்படத்துக்கு இன்னும் மிகுதியாகப் பொருந்தும். ஏனெனில் நூல் நல்ல வாசகனுக்காக நூறாண்டு காத்திருக்கலாம். திரைப்படமோ கொட்டகையில் முதல் இரண்டு மூன்று வாரங்களிலேயே தன் தீர்ப்பைப் பெற்றுவிடுகின்றது.

நம் இலக்கண நூலார் நூல்களை அவற்றின் வழிவரவு நோக்கி வகுத்தனர். தொல்காப்பியம் முதல், வழி என இரண்டாகவும், நன்னூல் சார்பினையும் சேர்த்து மூன்றாகவும் கூறும். முன்னோன் கூறிய முடிபோடு ஒத்து நின்று, வேண்டும் வேறுபாட்டையும் உடன்கொண்டு வருவது வழிநூல். நாவல் ஒன்றைத் தழுவி எடுக்கப்படும் திரைப்படத்தை நாம் வழிநூலோடு ஒப்பிடலாம். அவ்வாறாயின், முன்னரே புகழ்பெற்ற ஒரு படத்தின் தொடர்ச்சியாகவும், அதே வேளையில் ஒரு நாவலின் தழுவலாகவும் வரும் படத்துக்கு முதனூல் யாது? நாவலா? முன்வந்த படமா? இவ்வினாவுக்கு எடுத்தவர் ஒரு விடையும் பார்த்தவர் வேறொரு விடையும் கொண்டிருந்தால் நிகழ்வது என்ன? இதனை ஆராய்வதற்கு, 1985 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த 'ரிற்றேர்ண் ரு ஓஸ்' என்னும் மாயக்கதைப் படம் மிகப் பொருத்தமான சான்றாகும். 'ஓஸ் நாட்டுக்கு மீளுதல்' என்பது அப்பெயரின் பொருள்.

கதையின் தோற்றம்

எல். பிராங்க் போம் என்பவர் எழுதிய 'ஓஸ் நாட்டின் வியத்தகு மந்திரவாதி' 1900 ஆம் ஆண்டில் சிக்காகோ நகரில் வெளியிடப்பெற்றது. கன்சாஸ் சமவெளியில் வாழ்ந்த டொரதி என்னும் சிறுமி சூறாவளியால் தூக்கிச் செல்லப்பட்டு ஓஸ் என்னும் மாயநாட்டை அடைந்து, வைக்கோற் பொம்மை, தகர மனிதன், கோழைச் சிங்கம் ஆகிய மூவரையும் துணையாகக் கொண்டு, பல இடர்களைக் கடந்து வீடு திரும்புவதே அதன் கதை. நூல் விரைவில் புகழ்பெற்றது. 1902 இல் சிக்காகோவில் இசைநாடகமாக மேடையேறி, அடுத்த ஆண்டு நியூயோர்க்கிலும் பெருவெற்றி கண்டது.

இவ்வெற்றியே முதலாவது தொடர்ச்சிக்கு வழிவகுத்தது. 1904 இல் போம் இரண்டாம் நாவலை எழுதினார். நாடகத்தில் பெரும்புகழ் ஈட்டிய நடிகர் இருவருக்கும் அதனைக் காணிக்கையாக்கினார். மேடையை மனத்திற் கொண்டே அது எழுதப்பட்டது என்பதற்கு இதுவே போதிய சான்று. அவ்வாறே 1905 இல் அது இசைநாடகமாகச் சிக்காகோவில் அரங்கேறியது. ஆனால் ஒரு மாதமும் நிலைக்கவில்லை. முன்னைய நாடகத்தையே மலிவாகத் திருப்பிச் சொல்லும் முயற்சி இது என்று திறனாய்வாளர் ஒதுக்கினர். ஓஸ் நாட்டுக் கதையின் தொடர்ச்சி ஒன்று, முன்னதனோடு ஒப்பிடப்பட்டு வீழ்ந்த முதல் நிகழ்ச்சி இது.

வாசகர் நிலை இதனின் வேறாக இருந்தது. இரண்டாம் நாவலில் டொரதி இல்லை. அவளை மீண்டும் கொண்டுவருக என்று சிறுவர் பலர் ஆசிரியருக்குக் கடிதம் எழுதினர். 1907 இல் வெளிவந்த 'ஓஸ்மா' என்னும் மூன்றாம் நாவலில் டொரதி திரும்பி வந்தாள். 1919 இல் மறைந்த போம், ஓஸ் பற்றி எழுதிய நாவல்கள் பதினான்கு. இறுதி நாவல் அவர் மறைவுக்குப் பின் 1920 இல் வெளிவந்தது. இடையே, 1914 இல் தாமே ஒரு படநிறுவனம் நிறுவி, தம் நாவல்களைப் பேசாப் படங்களாக்க முயன்றார். வர்த்தக வெற்றி கிட்டவில்லை. நிறுவனம் அடுத்த ஆண்டே ஓய்ந்தது. நூலாக ஓஸ் வாழ்ந்தது. திரையில் அதற்கு இன்னும் இடம் வாய்க்கவில்லை.

1939 ஆம் ஆண்டுப் படம்

மெற்றோ கோல்ட்வின் மேயர் நிறுவனம் 1939 இல் வெளியிட்ட வண்ணப்படமே அவ்விடத்தை அளித்தது. ஜூடி கார்லண்ட் டொரதியாக நடித்த அப்படத்தை இன்று அறியாதார் அரியர். ஆனால் அது வெளிவந்த காலத்தில் நிகழ்ந்தது யாதெனின், ஏறத்தாழ 28 இலட்சம் டொலர் செலவில் எடுக்கப்பட்ட படம், முதல் வெளியீட்டில் 30 இலட்சம் டொலர் அளவே வசூலித்தது. கொட்டகைக்காரரின் பங்கும் விளம்பரச் செலவும் போக, நிறுவனத்துக்கு நட்டமே எஞ்சியது. திறனாய்வாளரும் ஒருமுகமாக வாழ்த்தவில்லை. 'நியூயோர்க் ரைம்ஸ்' பாராட்டியது. 'நியூயோர்க்கர்' இதழோ கற்பனையும் நற்சுவையும் இல்லாத படம் என்று இகழ்ந்தது. பாட்டுக்கும் இசையமைப்புக்கும் ஒஸ்கார் பரிசுகள் கிடைத்தன. சிறந்த படத்துக்கான பரிசு வேறொன்றுக்குச் சென்றது.

படம் இலாபம் காண 1949 ஆம் ஆண்டு மறுவெளியீடு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. 1956 நவம்பர் 3 ஆந் திகதி அது முதன்முறையாகத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பப்பட்டது. 1959 முதல் ஆண்டுதோறும் ஒளிபரப்பும் வழக்கம் ஏற்பட்டது. அமெரிக்கக் குடும்பங்களில் அது ஆண்டுக்கொரு முறை வரும் திருநாள் போலாயிற்று. தாய் தந்தையர் தாம் சிறுபராயத்திற் கண்டதைத் தம் மக்களுக்கும் காட்டினர். இவ்வாறு ஒரு தலைமுறைக்குள், நூலை அறியாதவரும் படத்தை மனப்பாடமாக அறிந்தவராயினர். போம் எழுதியது வெள்ளிக் காலணி. படம் காட்டியது மாணிக்கச் செங்காலணி. வண்ணத் திரைக்குச் சிவப்பு எடுப்பாக இருக்கும் என்று செய்யப்பட்ட மாற்றம் அது. ஆனால் பின்னாளில் எந்தச் சிறுவனைக் கேட்டாலும் டொரதியின் காலணி சிவப்பு என்றே கூறுவான். வழிநூல் முதனூலின் இருக்கையில் ஏறி அமர்ந்துகொண்டது.

1985 ஆம் ஆண்டுத் தொடர்ச்சி

வால்ற் டிஸ்னி நிறுவனம் 1954 இல் எஞ்சிய ஓஸ் நாவல்கள் பதினொன்றின் பட உரிமையை வாங்கியிருந்தது. 1957 இல் ஒரு படத்துக்குத் திட்டமிட்டுக் கைவிட்டது. எண்பதுகளின் தொடக்கத்தில் அவ்வுரிமையைப் பயன்படுத்த முன்வந்தவர் வோல்ற்றர் மேர்ச். படத்தொகுப்பிலும் ஒலியமைப்பிலும் பேர்பெற்ற அவர், 1979 ஆம் ஆண்டுப் படமொன்றின் ஒலிக்காக ஒஸ்கார் பரிசு பெற்றவர். இளமை முதலே போமின் நாவல்களில் ஊறியவர். 1904, 1907 ஆம் ஆண்டு நாவல்கள் இரண்டையும் இணைத்துக் கதை அமைத்தார். இரண்டாம் நாவல் முதல் ஓவியம் வரைந்த ஜோன் நீல் என்பாரின் சித்திரங்களையே பாத்திரங்களின் உருவுக்கு அடிப்படையாகக் கொண்டார். படப்பிடிப்பு 1984 இல் இங்கிலாந்தில் நடைபெற்றது. பணி பிந்தியதால் நிறுவனத்தார் அவரை இடையில் நீக்கவும் செய்தனர். ஜோர்ஜ் லூகாஸ் முதலிய இயக்குநர் நண்பர் அவருக்காகப் பரிந்து பேச, மீண்டும் அமர்த்தினர்.

ஏறத்தாழ 2 கோடியே 80 இலட்சம் டொலர் செலவான அப்படம் 1985 யூன் 21 ஆந் திகதி வெளிவந்தது. அமெரிக்காவில் அது ஈட்டியது ஒரு கோடியே 10 இலட்சம் டொலர் அளவே. காட்சித் தந்திரங்களுக்கான ஒஸ்கார் போட்டியில் இடம் பெற்றதாயினும், அதே நாளில் வெளிவந்த 'கொக்கூன்' என்னும் படத்திடம் அப்பரிசையும் இழந்தது. மேர்ச் அதன் பின்னர் வேறொரு முழுநீளக் கதைப்படத்தை இயக்கவில்லை. தொகுப்புக் கலையில் உலகப்புகழ் எய்திய ஒருவரின் இயக்குநர் வாழ்வு இந்த ஒரு படத்தோடு நின்றது. வரவேற்பு என்பது ஏட்டுப் பொருளன்று. ஒரு மனிதனின் தொழிலையும் நிருணயிக்க வல்லது என்பதற்கு இது சான்று.

குற்றச்சாட்டுகளும் அவற்றின் மூலமும்

அக்காலத்துத் திறனாய்வாளர் பெரும்பாலோரும் பெற்றோர் பலரும் கூறிய குறைகளை மூன்றாகத் தொகுக்கலாம். முதலாவது, படம் இருண்டது, சிறுவரை அச்சுறுத்துவது என்பது. இரண்டாவது, பாட்டும் ஆட்டமும் இல்லை என்பது. மூன்றாவது, பழகிய தோழர் மூவரும் ஓரத்துக்குத் தள்ளப்பட்டு, அறியாத பாத்திரங்கள் நடுவே நிற்கின்றன என்பது.

இரண்டாவது குறையை நோக்குக. நாவல்களில் பாட்டு இன்றியமையாத உறுப்பன்று. பாட்டைக் கதையோடு பிரிக்க முடியாதபடி இணைத்தவை மேடையும் 1939 ஆம் ஆண்டுப் படமுமே. மூன்றாவதும் அத்தகையதே. சாவி கொடுத்து இயக்கும் செப்பு மனிதன் ரிக்-ரொக், பேசும் கோழி பிலினா, பூசணித்தலையன் ஜாக், பழம்பொருள்களைக் கட்டி உயிரூட்டிய பறக்கும் கம்ப் ஆகிய யாவும் போமின் படைப்புகளே. டொரதியாக நடித்தவள் ஒன்பது பத்து வயதுச் சிறுமி. கார்லண்டோ அந்நாளில் பதினாறு வயதினர். நூலின் டொரதி சிறு குழந்தையே. எனவே மூலத்துக்கு நெருங்கிய இடங்களிலேயே படம் மூலத்தினின்று விலகியதாகக் குற்றஞ்சாட்டப்பட்டது. பார்வையாளர் மனத்தில் முதனூலாய் இருந்தது நாவலன்று, முன்வந்த படம் என்பது இதனாற் பெறப்படும்.

முதலாவது குறை இவ்வளவு எளிதில் தீர்வதன்று. இங்கே இரு திறத்தாரும் பாதி உண்மையே கூறினர். படத்தை ஆதரித்தோர், அச்சம் யாவும் நாவலில் உள்ளதே என்றனர். பேழைகளில் தலைகளை வைத்துக்கொண்டு நாளுக்கொன்றாக மாற்றி அணியும் பெண்ணும், கைகால்களில் சில்லுகள் உடைய சில்லர் கூட்டமும், மனிதரை அலங்காரப் பொருள்களாக மாற்றும் நிலத்தடி வேந்தனும் 1907 ஆம் ஆண்டு நாவலில் உள்ளமை உண்மையே. முதல் நாவலிலும் தகர மனிதன் கோடரியால் நாற்பது ஓநாய்களின் தலைகளை வெட்டி வீழ்த்துகின்றான். ஆனால் படத்தின் தொடக்கத்தில், ஓஸ் பற்றிப் பேசுவதை நோயெனக் கருதி, டொரதியை மின்சாரச் சிகிச்சைக்காக மருத்துவமனையொன்றில் விடும் பகுதி எந்நாவலிலும் இல்லை. மரகத நகரம் பாழடைந்து, குடிகள் கல்லாய் நிற்கும் காட்சியும் போம் எழுதியதன்று. 1907 ஆம் ஆண்டு நாவலில் டொரதி கடற்பயணத்திற் புயலில் அகப்பட்டு, கோழிக்கூடொன்றில் மிதந்து கரைசேர்கின்றாள், அவ்வளவே. மேலும், 1900 ஆம் ஆண்டு நூலின் முகவுரையில், பழங்கதைகளின் திகிலையும் துயரையும் விலக்கிச் சிறுவர் மகிழ்ச்சிக்கெனவே எழுதுவதாகப் போம் தம் நோக்கத்தைக் கூறியிருந்தார். குறைகூறியோர் அம்முகவுரையைத் தம் பக்கத்துச் சான்றாகக் காட்டியிருக்கலாம்.

நிறுவனத்தின் பெயரும் இங்கு கருதத்தக்கது. டிஸ்னி என்ற பெயர் கண்டு பிள்ளைகளை அழைத்துவந்த பெற்றோர், முன்பின் அறியாத ஓர் இயக்குநரின் படத்துக்கு வந்தவரல்லர். ஒரு நம்பிக்கையின்பேரில் வந்தவர். அந்நம்பிக்கைக்கு மாறான காட்சி முதற் கால்மணி நேரத்திலேயே எதிர்ப்பட்டபோது அவர்கள் சினந்ததைப் பிழையென்று கூறுதல் இயலாது.

இன்னொன்றும் நோக்கற்பாலது. நாவலுக்கு உண்மையாக நிற்க முயன்ற இப்படமே 1939 ஆம் ஆண்டுப் படத்தின் பிடியிலிருந்து விடுபடவில்லை. நாவலில் நிலத்தடி வேந்தனிடம் இருப்பது மந்திர அரைக்கச்சை. படத்தில் அதற்குப் பதிலாக வருவன மாணிக்கச் செங்காலணிகள். அவை பழைய படத்தின் உடைமையாதலால், டிஸ்னி நிறுவனம் மெற்றோ நிறுவனத்துக்குப் பணம் செலுத்தியே அவற்றைப் பயன்படுத்தியது. கன்சாசில் மருத்துவராகத் தோன்றுபவரே ஓஸ் நாட்டில் வேந்தனாகவும், தாதியாகத் தோன்றுபவரே சூனியக்காரியாகவும் தோன்றும் அமைப்பும் பழைய படத்தினின்று வந்ததே. போமின் நாவல்களில் ஓஸ் கனவன்று, மெய்யான நாடு. பழைய படமே அதனைக் கனவாக்கியது. கனவை மெய்யென்று நம்பும் குழந்தையைப் பெரியோர் என் செய்வர் என்னும் வினாவிலிருந்தே மேர்ச்சின் படம் தொடங்குகின்றது. ஆகவே மருத்துவமனைக் காட்சிக்கும் வித்திட்டது நாவலன்று, பழைய படமே எனலாம். இவ்வாறு படம் இருதலைக் கொள்ளி எறும்பாயிற்று. பழைய படத்தை நேசித்தோர் இது அதுபோல் இல்லை என்றனர். நாவலை நேசித்தோரும் செங்காலணியைக் கண்டு முகஞ்சுளிக்க இடம் இருந்தது.

1905 ஆம் ஆண்டு நிகழ்ச்சியை இதனோடு வைத்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். அன்று தொடர்ச்சி முன்னதனைப் பெரிதும் ஒத்திருந்தமையால் இகழப்பட்டது. எண்பது ஆண்டுகளின் பின் தொடர்ச்சி முன்னதனை ஒவ்வாமையால் இகழப்பட்டது. காரணங்கள் முரண்பட்டவை, அளவுகோல் ஒன்றே. முன்னர்ப் பெற்ற இன்பத்தை மீண்டும் தருக, ஆனால் புதிதாகத் தருக என்பதே தொடர்ச்சியிடம் மக்கள் கேட்பது. அது நிறைவேற்றுதற்கரிய வேண்டுகோள்.

காலத்தின் மறுதீர்ப்பு

கொட்டகைகளை விட்டு நீங்கிய படம் ஒளிநாடாக்கள் மூலமும் பின்னர் இறுவட்டுகள் மூலமும் வீடுகளுக்குள் புகுந்தது. சிறுவயதில் அதனைக் கண்டு அஞ்சியோர் பலர், வளர்ந்தபின் அவ்வச்சத்தை நன்றியோடு நினைவுகூர்ந்தனர். 1957 இல் தொடங்கப்பெற்று இன்றும் இயங்கும் ஓஸ் வாசகர் கழகம் போன்றவற்றால் வளர்ந்த நூலறிவும் அதற்குத் துணையாயிற்று. போமின் பாத்திரங்களை நீல் வரைந்தவாறே உயிர்பெறச் செய்த படம் இது என்ற மதிப்பு வாசகரிடையே நிலைபெற்றது. ஓஸ் நாட்டை இருள் கலந்து காண்பதும் பின்னர் அந்நியமாயிருக்கவில்லை. கிரெகரி மக்குவயர் 1995 இல் எழுதிய 'விக்கெட்' நாவல் பழைய கதையின் சூனியக்காரியையே தலைவியாக்கியது. அது 2003 இல் இசைநாடகமாகி, 2024 இல் திரைப்படமும் ஆயிற்று. 1985 இல் மக்கள் மறுத்த ஒரு நோக்கை அடுத்த தலைமுறை வேறு வடிவில் விரும்பி ஏற்றது.

இதனால், வெளிவந்த காலத்தில் வீழ்ந்த படைப்புகள் யாவும் பிற்காலத்தில் எழும் என்று முடிவுசெய்தல் தகாது. 1905 ஆம் ஆண்டு நாடகம் எழவில்லை. 1939 ஆம் ஆண்டுப் படம் எழுந்தமைக்குத் தொலைக்காட்சி காரணம். 1985 ஆம் ஆண்டுப் படம் எழுந்தமைக்கு ஒளிநாடா காரணம். மீண்டும் மீண்டும் காணும் வாய்ப்பே மறுதீர்ப்புக்கு வாயில். அவ்வாயில் திறந்தபின் நிலைத்தற்கு வேண்டிய சரக்குப் படைப்பினுள் இருத்தல் வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் மறுவாழ்வு இல்லை.

வரலாறு பயிலும் மாணவர் இதிற் கொள்ளவேண்டிய பாடம் ஒன்று உண்டு. ஒரு படைப்பைப் பற்றி அக்காலத்தவர் எழுதிய மதிப்புரை, அப்படைப்பின் தரத்துக்குச் சான்றாவதினும், எழுதியவர் எதனோடு அதனை ஒப்பிட்டார் என்பதற்கே உறுதியான சான்றாகும். வசூற் கணக்கும் அவ்வாறே. எத்தனை பேர் வந்தனர் என்பதை அது கூறும், வந்தவர் எதனை நாடி வந்தனர் என்பதைக் கூறாது. ஆகவே பழைய மதிப்புரை ஒன்றைக் கையில் எடுக்கும்போது, நல்லது என்றாரா தீயது என்றாரா என்பதோடு நில்லாது, இவர் உள்ளத்தில் முதனூலாய் நின்றது யாது என்று கேட்டல் வேண்டும். அவ்வினாவுக்கு விடை கண்ட பின்னரே அம்மதிப்புரை வரலாற்றுச் சான்றாகின்றது. அதுவரை அது ஒருவருடைய விருப்பு வெறுப்பே.